மூன்றாம் வாக்கியம்

பிரதமர் மாளிகைக்கு முன்னால் பத்தாவது நாளாக ஜனம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. கோஷம் கிடையாது, கொடி கிடையாது, ஒரு கல் பறக்கவில்லை. குடை பிடித்துக்கொண்டு, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, மாளிகைக்கு முதுகும் கடலுக்கு முகமுமாக நிற்பார்கள். கால் கடுத்தால் வீட்டுக்குப் போய் வேறு ஆளை அனுப்புவார்கள். முந்நீர்த் தீவுகளில் அது நெடுநாள் வழக்கம். கூட்டிப்போன ஆட்களைக் கடலில் தொலைத்துவிட்டுக் கரையில் வந்து பொய் சொல்லுகிற படகுத் தலைவனுக்கு ஊர் கொடுக்கும் தண்டனை அது. அவன் நடக்கிற தெருவெல்லாம் முதுகாகத் தெரியும். அடி வாங்கியவன்கூட ஊரில் தங்கிவிடுவான், முதுகைப் பார்த்தவன் ஒரு மாதம் தாங்கமாட்டான்.

ஒரு பிரதமருக்கே அந்தத் தண்டனை கிடைத்தது இதுதான் முதல் தடவை. பஸ்தியான் மச்சாது அதற்கு முழுத் தகுதி உள்ளவர்தான், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ‘இன்னாசி’ என்ற பயணிகள் கப்பல் கன்னிப்பாருக்கு மேலே கவிழ்ந்தது. பார் என்றால் கடலுக்கடியில் கிடக்கிற பாறைத்திட்டு. இருநூற்றுப் பதினான்கு பேர் கப்பலோடு அடியில் போனார்கள். அன்று சாயங்காலமே மச்சாதுவுக்கு அது தெரியும். ஆனால் அடுத்த வாரம் தேர்தல் இருந்தது. பெரும்பாலான பேரை ஒரு வெளிநாட்டுக் கப்பல் காப்பாற்றிக் கொண்டுபோயிருக்கிறது, பெயர்ப் பட்டியல் வரும் என்று தொலைக்காட்சியில் சொன்னார். பதினோரு நாள் ஜனம் அந்தப் பட்டியலுக்குக் காத்திருந்தது. தேர்தல் முடிந்தது, அவர் ஜெயித்தார், பட்டியல் வரவேயில்லை. தகவல் கோளாறு என்று பழியை யார் தலையிலோ கட்டினார்கள். அவருக்கு முதல் நாளே தெரியும் என்கிற விசாரணை அறிக்கை இப்போதுதான், பத்து நாளைக்கு முன்னால், எப்படியோ வெளியே கசிந்தது.

பிரகாசிக்கு அறிக்கை தேவைப்படவில்லை. அன்றைக்குத் தொலைக்காட்சியில் ‘காப்பாற்றி’ என்ற சொல்லுக்கு முன்னால் மச்சாது ஒரு தடவை எச்சில் விழுங்கினார். பொய் சொல்லப்போனால் அவர் எச்சில் விழுங்குவார். உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் பிரகாசி. தெரிந்தும், பாவம், அவருக்குத் தொண்டை கட்டியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பதினோரு நாளும் புருசனுக்குச் சோறு எடுத்து வைத்தாள். அவள் புருசன் இராயப்பன் அந்தக் கப்பலில் எஞ்சின் பார்க்கிற ஆளாக இருந்தான்.

இன்றைக்கு அவள் கூட்டத்துக்குள் வழி கேட்டுக் கேட்டு வாசலை நோக்கிப் போனாள். குடைக்குள்ளிருந்து ஒருத்தி அவளை அடையாளம் கண்டுகொண்டாள்.

“ஏக்கா, உள்ளயா போறிய? அந்த ஆளு என்னைக்குத்தான் எறங்குவாராம்?”

பிரகாசி நடந்தாள். மூன்று வருடமாக அவளும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் அவர் இறங்கக்கூடாது. அவளுடைய ஒரே மகன் அமலன், இருபத்திரண்டு வயது, கன்னிப்பாரில் நிற்கிற காவல் கப்பலில் வயர்லெஸ் பார்க்கிறான். உள்நாட்டில் பிரதமர் ஆடிப்போய் நிற்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து நாடான தாரூன், கன்னிப்பார் எங்களுடையது என்று ஐந்து போர்க்கப்பல்களை அனுப்பிவிட்டது. காவல் கப்பலில் முப்பத்தொரு பேர். சாயங்காலம் ஆறு மணிக்குள் சரணடையாவிட்டால் சுடுவோம் என்று கெடு வைத்திருக்கிறார்கள்.

வெளியுறவுச் செயலர் கோன்ஸ்தான் வாசலிலேயே காத்திருந்தார். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம்.

“அம்மா, நாலு மணிக்கு லைன். அவங்க அதிபர் பேசச் சம்மதிச்சுட்டாரு. அதுக்கு முன்னால நீங்க ஒரு தடவை சாட்சியைப் பாத்துருங்க.”

“பாக்கேன். அவரு எங்க?”

“மாடியில. ராஜினாமா எழுதிச் சட்டைப் பையில வச்சிருக்காரு. குடுத்துட்டுப் போறேன்னு காலையிலருந்து ஒத்தக்கால்ல நிக்காரு.”

பிரகாசி கேட்டாள், “குடுத்தா?”

“உங்களுக்குத் தெரியாததா? புது ஆளு காதுல சாட்சியைப் பதிச்சுப் பழக்கி எடுக்க இருபத்தோரு நாள். அது வரைக்கும் லைன் கிடையாது. சாட்சி இல்லாம அவங்களும் பேசமாட்டாங்க, நாமளும் பேசக்கூடாது. ஒப்பந்தம் அப்படி.” கோன்ஸ்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நல்ல ஆளோ கெட்ட ஆளோ, இன்னைக்கு நம்மகிட்ட இருக்கிற காது அது ஒண்ணுதான்.”

சாட்சி என்று ஜனம் சொல்லுவது ஒரு சின்னக் கருவியை. புளியங்கொட்டை அளவு இருக்கும். பழைய போருக்குப் பிறகு இரண்டு நாடும் சேர்ந்து ஒத்துக்கொண்ட ஏற்பாடு: இரண்டு தலைவர்களின் காதுக்குப் பின்னாலும் தோலுக்கடியில் ஒன்று இருக்கும். அவர்கள் இருவரும் நேரடித் தொலைபேசி லைனில் பேசும்போது சொல்லுகிறதை மனசார நம்பிச் சொன்னால் எதிராளியின் மேசையிலும் நம் பக்கத்துப் பெட்டியிலும் பச்சை எரியும், நம்பாமல் சொன்னால் சிவப்பு. சண்டை மூளுவதெல்லாம் மற்றவன் சொல்லை நம்பாததால்தானே, அதற்காக. ஆனால் கருவிக்கு ஒவ்வொரு மனிதனையும் பழக்க வேண்டும். இந்த மனிதன் உண்மை சொன்னால் எப்படி இருப்பான், பொய் சொன்னால் எப்படி இருப்பான் என்று ஆயிரம் கேள்வி கேட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எட்டு வருடத்துக்கு முன்னால் மச்சாதுவுக்கு அதைச் செய்தவள் பிரகாசி. அந்த வேலையில்தான் அவருடைய எச்சில் விழுங்கலையும் கண்டுபிடித்தாள்.

மாடி அறையில் மச்சாது ஜன்னலோரம் நின்றார். ஒரு மாதத்துக்குள் ஆள் பாதியாக இளைத்திருந்தார். அவள் வழக்கம்போல் கருவிப் பெட்டியை மேசையில் வைத்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இன்னாசி மூழ்கியதிலிருந்து மாதாமாதம் அப்படித்தான் சோதித்துக்கொடுக்கிறாள். ஊர் இந்தப் பத்து நாளாகச் செய்வதை அவள் மூன்று வருடமாகச் செய்துகொண்டிருக்கிறாள். அவர் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை.

“மூணு வாக்கியத்தையும் சொல்லுங்க, ஐயா.”

ஒவ்வொரு தலைவருக்கும் மூன்று வாக்கியங்கள் உண்டு. அவருக்கு என்றைக்கும் உண்மையாக இருக்கப்போகிற மூன்று. அவற்றை வைத்துத்தான் சாட்சி ஆளை அடையாளம் கண்டு லைனைத் திறக்கும்.

“என் பேரு பஸ்தியான் மச்சாது,” என்றார். பச்சை. “நான் துறைமேட்டுல பிறந்தேன்.” பச்சை.

பிறகு எச்சில் விழுங்குகிற சத்தம் அவளுக்குக் கேட்டது.

“என் மக்கள் என்னை நம்புறாங்க.”

பெட்டியில் சிவப்பு எரிந்தது.

பிரகாசி அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மூன்றாம் வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்ததே அவள்தான். மற்ற நாட்டுக்காரர்கள் அம்மா பெயர், பள்ளிக்கூடத்தின் பெயர் என்று வைத்துக்கொள்வார்கள். இவர்கள் மட்டும், அவருடைய முதல் தேர்தலில் ஊரே திரண்டு மச்சாதுவைத் தூக்கி வைத்துக் கொண்டாடிய அந்த வாரத்தில், இதைவிட மாறாத உண்மை என்ன இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே எழுதிக்கொடுத்தார்கள். உடனிருந்த தாரூன்காரன்கூடக் கேட்டான், வேறு ஏதாவது வைத்துக்கொள்ளக்கூடாதா என்று. வேண்டாம் என்றாள். அப்போது அவளும் அவரை நம்பினாள், அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டாள். மூன்று வருடப் பொய்யைத் தாண்டியும் போன மாதம் வரை பச்சைதான் எரிந்தது, ஏனென்றால் ஜனத்துக்கு விஷயம் தெரியாது என்பது அவருக்குத் தெரியும்.

வராந்தாவில் கோன்ஸ்தானிடம் சொன்னபோது அவர் சுவரில் சாய்ந்துவிட்டார்.

“வாக்கியத்தை மாத்த முடியாதா?”

“ரெண்டு நாட்டு ஆளும் சேந்து உக்காரணும். அதுக்கும் இருபத்தோரு நாள்தான்.”

“பெட்டியில ஏதாவது செஞ்சு பச்சையை எரிய வைங்களேன்.”

“ஒப்பந்தப்படி தாரூன் ஆளுங்க ரெண்டு பேரு கீழ லைன் பெட்டிப் பக்கத்துல உக்காந்திருக்காங்க. என்னைத் தொடவே விடமாட்டாங்க.”

“அப்ப அவரு இருந்தும் புண்ணியமில்ல, போயும் புண்ணியமில்ல.” கோன்ஸ்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டே கால். அவர் மெதுவாகக் கேட்டார், “ஜனம் நம்பணும்னு சாட்சி கேக்குதா, இல்ல ஜனம் நம்புதுன்னு அவரு நம்பணும்னு கேக்குதா?”

“அவரு நம்பினாப் போதும்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோன்ஸ்தான் சட்டென்று குனிந்து தரையைப் பார்த்தார். “என்னால முடியாதும்மா. நான் சொன்னா அவரு நம்பமாட்டாரு. நான் சம்பளத்துக்கு இருக்கவன்னு அவருக்குத் தெரியும். நீங்க இராயப்பன் சம்சாரம்.”

கேட்டதும் பிரகாசிக்கு அவரை அறையவேண்டும்போல் இருந்தது. அறையவில்லை. அங்கேயே நின்று, மகன் வயர்லெஸ்ஸில் கடைசியாகப் பேசியதை நினைத்தாள். இங்க எல்லாரும் நல்லாருக்கோம், நீ வேளைக்குச் சாப்பிடு என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரல் பதறவேயில்லை. பிறகு அவள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

மச்சாது திரும்பிப் பார்க்காமலே பேசினார். “சிவப்பு வரும்னு எனக்குத் தெரியும் பிரகாசி. போறேன்னு காலையிலயே கோன்ஸ்தான்கிட்ட சொன்னேன், கேக்கல. நான் போறதுதான் நியாயம். நம்பாத ஆளை வச்சுக்கிட்டு ஒரு நாடு என்ன பேச முடியும்?”

“நீங்க போனா என் மகன்?”

“இருந்தாலும் லைன் திறக்காதே. எனக்கு எங்க உன் முகத்துல முழிக்க?”

அவள் நாற்காலியை இழுத்து, அவரைப் பார்த்துப் போட்டு, உட்கார்ந்தாள். மூன்று வருடத்தில் முதல் தடவை. கிழவரின் கண் அவளுடைய முகத்தில் நின்று, நம்பமாட்டாமல் தடுமாறியது.

“அண்ணாச்சி,” என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்கே அவர் உதடு துடித்துவிட்டது.

“வெளிய நிக்கிறாங்களே, அவங்களைப் பத்து நாளா பாக்குதீங்க. ஒரு விசயம் யோசிச்சீங்களா? வெறுத்துப்போனவன் எதுக்கு வெயில்ல வந்து நிக்கான்? வீட்டுல கெடந்துட்டுப் போவான். நீங்க ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிடுவீங்கன்னுதான் நிக்காங்க. கோவம்தான் அண்ணாச்சி. நம்பினவங்களுக்குத்தான் இம்புட்டுக் கோவம் வரும்.”

“பிரகாசி, வேண்டாம். என்னைத் தேத்தாத.”

“தேத்துறதுக்கு எனக்கென்ன தலையெழுத்தா? உங்க மேல எனக்கு இல்லாத கோவமா? மூணு வருசம் முதுகைக் காட்டி உக்காந்தேன். ஆனா ஒவ்வொரு மாசமும் வந்தேனா இல்லையா? வேலையை விட்டுட்டுப் போயிருக்கலாம்ல. ஏன் வந்தேன்?”

அவர் ஜன்னலை விட்டு அவள் பக்கம் ஓரடி வந்தார்.

“நீங்க செஞ்சது தப்பு. ஆனா நாட்டுக்குக் கெடுதல் நினைச்சுச் செஞ்ச மனுசன் இல்லன்னு எனக்குத் தெரியும். வெளிய இருக்கவங்களுக்கும் தெரியும்.”

“இராயப்பன்?” அவர் குரல் உடைந்தது. “இராயப்பன் இருந்தா என்ன சொல்லுவான்?”

அதைக் கேட்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கன்னிப்பாரில், துருப்பிடித்த எஞ்சின் அறைக்குள் கிடக்கிற மனுசன். அவனை வைத்துப் பொய் சொல்லவேண்டி வருகிறதே என்று உள்ளுக்குள் மாரடித்துக்கொண்டு, முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு சொன்னாள்.

“அவரு உங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டாரு. இருந்திருந்தா இன்னைக்கும் உங்களுக்குத்தான் போட்டிருப்பாரு.”

மச்சாது இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவள் பக்கத்தில் போய்த் தோளைத் தட்டிக்கொடுத்தாள். அவளுடைய காதுக்குப் பின்னால் ஒன்றும் பதிக்கப்படவில்லை. அவள் சொன்னது என்ன நிறம் என்று காட்ட அந்த அறையில் எந்த விளக்கும் இல்லை.

நான்கு மணிக்குக் கீழே லைன் அறையில் எல்லோரும் கூடினார்கள். மச்சாது முகம் கழுவி, தலை சீவி வந்திருந்தார். முதல் வாக்கியம் பச்சை, இரண்டாவது பச்சை. மூன்றாவதை அவர் எச்சில் விழுங்காமல், கணீரென்று சொன்னார். பச்சை எரிந்தது. கோன்ஸ்தான் அடைத்துவைத்திருந்த மூச்சை விட்டார்.

பேச்சு ஒரு மணி நேரம் நடந்தது. தாரூன் அதிபர் அவர் மொழியில் பேச, மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். கோன்ஸ்தான் எழுதிக்கொடுத்திருந்த திட்டம் சின்னது: கப்பலை விடுங்கள், இரண்டு பக்கமும் விலகிக்கொள்வோம், பார் யாருக்கு என்பதை அடுத்து வருகிற அரசு பேசிக்கொள்ளும். காலையில் இருந்த மச்சாதுவாக இருந்தால் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச அவருக்குத் துணிவு வந்திருக்காது.

ஆனால் இப்போது அவர் முதுகு நிமிர்ந்திருந்தது. தாரூன் அதிபர் விடாப்பிடியாக நின்றபோது மச்சாது கையிலிருந்த தாளை மடித்துக் கீழே வைத்தார்.

“முப்பத்தொரு பேரையும் கப்பலோட அனுப்புங்க. ராத்திரிக்குள்ள வீட்டுக்கு வரணும். கன்னிப்பாரை நீங்களே வச்சுக்கோங்க. நான் கையெழுத்துப் போடுதேன்.”

கோன்ஸ்தானின் பேனா நின்றது. பிரகாசிக்குக் காதில் விழுந்தது புரிய ஒரு கணம் பிடித்தது.

“உங்கள் மக்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்களா? அங்கே உங்கள் இறந்தவர்கள் இருக்கிறார்களே,” என்று கேட்டார் மொழிபெயர்ப்பாளர்.

“ஒத்துக்குவாங்க. என் மக்கள் என்னை நம்புறாங்க. அங்க புருசனைப் பறிகுடுத்தவங்களே நம்புறாங்க.”

பச்சை விளக்கு அணையாமல் எரிந்தது. தாரூன் அதிபர் நெடுநேரம் அந்த விளக்கைப் பார்த்துவிட்டுச் சரி என்றாராம்.

வெளியே வந்த மச்சாது அவளிடம் நேராக வந்தார். சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். “உன் பிள்ளை வருவான், பிரகாசி. நீ சொன்னியே, வார்த்தைக்குத்தான் காத்துக்கிட்டிருக்காங்கன்னு. நான் எங்கயும் போகல. இருந்து சரிபண்ணுதேன்.” அவர் மாடி ஏறின வேகத்தைப் பார்த்தால் பத்து வயது குறைந்தாற்போல் இருந்தது.

கோன்ஸ்தான் அவளுடைய கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார். “இது நம்ம ரெண்டு பேருக்குள்ள செத்துரணும்மா. பச்சை எப்படி எரிஞ்சதுன்னு தெரிஞ்சா ஒப்பந்தம் செல்லாது. அஞ்சு கப்பலும் திரும்ப வரும்.”

“அவரு இறங்குவாருன்னு நினைச்சேன்,” என்றாள் பிரகாசி. “பிள்ளைகளை மீட்டுட்டு இறங்கிருவாருன்னு நினைச்சேன் சார்.”

கோன்ஸ்தான் போய், கிழிந்து கிடந்த கடிதத் துண்டுகளைப் பொறுக்கினார்.

அமலன் மறுநாள் விடியற்காலையில் வந்து சேர்ந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அவள் அவனைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே அழுதாள், அவன் தட்டிக்கொடுத்தான். இரண்டு நாள் தூங்கினான். மூன்றாம் நாள் மத்தியானம் சாளை மீன் குழம்பு வைத்துச் சோறு போட்டாள். தொலைக்காட்சியில் மச்சாது பேசினார். கல்லறைத் திருநாளுக்குக் கன்னிப்பாருக்குப் படகில் போய்ப் பூப் போடுகிறவர்கள் இனித் துறைமேட்டுக் கரையிலேயே போட்டுக்கொள்ளலாம் என்றார். நான் மக்களின் நம்பிக்கையை இழந்துவிட்டதாகச் சிலர் சொல்லுகிறார்கள், சாட்சி என்ன காட்டிற்று, பச்சை காட்டிற்று, கருவிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றார்.

அமலன் பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினான்.

“யம்மா, அது ஜனம் நம்புறதையா காட்டும்? அவரு நம்புறதைத்தான காட்டும்?”

“ஆமா.”

“வெளிய இம்புட்டு முதுகைப் பாத்துக்கிட்டு அந்த ஆளு எப்படிம்மா நம்புனாரு? யாரோ உள்ள போய் நம்ப வச்சிருக்காங்க.”

அவள் குழம்புச் சட்டியை மூடிவைத்தாள். வெளியே சொல்லக்கூடாதது, ஆனால் இவனிடம் மறைக்க அவளுக்கு மனசு வரவில்லை. பதினோரு நாள் பொய்யில் காத்துக் கிடந்த வீடு அது.

“நான்தான்டா.”

அவன் கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்தான். “எனக்காகவா?”

“உனக்காகத்தான்.”

“கடைசி நாளு கேப்டன் ஒவ்வொருத்தரையும் தனித்தனியாக் கூப்பிட்டுக் கேட்டாரும்மா. சரணடையணும்னு இருக்கவங்க ரப்பர் படகுல எறங்கிப் போயிருங்க, யாரும் தப்பாப் பேசமாட்டாங்கன்னாரு. முப்பத்தொரு பேருல ஒருத்தர்கூட எறங்கல. அப்பா நேரா கீழ கெடக்காரு. அவரை விட்டுட்டு நான் எப்படி எறங்குவேன்? சுடுவான்னு தெரிஞ்சுதான் நின்னோம்.” அவன் குரல் உயரவேயில்லை. “என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல.”

“வயர்லெஸ்ல கேக்க முடியாதான்னு நானும் நினைச்சேன்,” என்றாள் பிரகாசி. “கேட்டா நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியும். அதான் கேக்கல.”

அமலன் தட்டிலேயே கையைக் கழுவினான். எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, கப்பல்காரர்கள் விடுதிக்குப் போகிறேன், கொஞ்ச நாள் அங்கே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவள் வாசல்வரை போய், தெருமுனை திரும்புகிறவரை அவன் நடந்துபோவதைப் பார்த்தாள். நடக்கிறான், உயிரோடு இருக்கிறான், அது போதும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். போதவில்லை.